செகப்புப் பேர்க்காரன்

குற்றாலம் பேரருவி, ஆண்கள் வரிசை. சாரல் சீசன் என்பதால் வரிசை நகருவதாக யாரும் நம்பவில்லை. மாமா, ஓய்வுபெற்ற ஏட்டு. மருமகன், ஒய்2கே காலத்தில் நியூஜெர்சி போனவர்.

மருமகன்: இப்ப வார கம்ப்யூட்டர் ஆட்டம்லாம் பச்சப்புள்ளைக்கு மாமா. 1997 செப்டம்பர்ல வந்துச்சு பாருங்க, அல்டிமா ஆன்லைன்! ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துல. யாரும் யாரையும் வெட்டலாம். செத்தவன் பையில இருக்கதை எல்லாம் உருவிக்கிடலாம்.

மாமா: கரையில கழட்டி வச்ச வாட்ச்சும் செருப்பும் போறாப்ல. நாங்க அதைக் களவுன்னு எழுதுவோம். நீங்க?

மருமகன்: சுதந்திரம்.

மாமா: சரி, செத்தவன்?

மருமகன்: ஆவியா அலைவான். அவன் என்ன பேசுனாலும் உயிரோட இருக்கவனுக்கு ‘ஊ ஊ’ன்னுதான் கேக்கும்.

மாமா: புகார் மனுவோட வாரவன் பேச்சும் ஸ்டேஷன்ல அப்படித்தான்டே கேக்கும். காவலே கிடையாதா?

மருமகன்: ஊருக்குள்ள உண்டு. ‘கார்ட்ஸ்’னு கத்துனா அந்த நொடியே வந்து ஒரே வெட்டு. எல்லை தாண்டிட்டா கேக்க ஆளில்ல. சுரங்க வாசல்ல நின்னு, தாதுக்கல் சுமந்து வாரவனை மடக்குவோம்.

மாமா: ‘மடக்குவோம்’?

மருமகன்: என் பேரு செகப்பு எழுத்துல மின்னும் மாமா. கொலைகாரன்னு அர்த்தம்.

மாமா: தங்கச்சிக்கிட்ட பேங்க் சாப்ட்வேர்னுல்லா சொன்னே.

மருமகன்: ராஜாவையே கொன்னாங்க, தெரியுமா? அந்த வருஷம் ஆகஸ்ட்ல, சோதனை ஓட்டம். ஆட்டத்தைப் படைச்ச ரிச்சர்ட் காரியட்டே லார்ட் பிரிட்டிஷ்ங்கிற பேர்ல மகுடத்தோட நிக்காரு. சாகாவரம் அன்னைக்கு வேலை செய்யல. ரெய்ன்ஸ்னு ஒருத்தன், அடுத்தவன் பையில திருடுன மந்திரச் சுருளை வச்சு நெருப்பு மூட்டுனான். ராஜா காலி.

மாமா: அவனை என்ன செஞ்சாவ?

மருமகன்: கணக்கை முடக்கிட்டாவ. பழைய குத்தம் வேற இருக்குன்னு சொல்லி.

மாமா: முறைதான். மந்திரி காலை மிதிச்சவனை நாங்களும் ஹெல்மெட் கேஸ்லதான் பிடிப்போம்.

(ஒருவர் இடித்துக்கொண்டு முன்னேறுகிறார்.)

மருமகன்: ஹலோ சார், வரிசை தெரியலியா? போலீஸ் யாரும் இல்லியா மாமா இங்க? ம்... 2000-ல கம்பெனிக்காரன் கெடுத்தான். உலகத்தை ரெண்டாக்கிட்டான். பழையது ஃபெலூக்கா, அதே அச்சுல புதுசு ட்ராமெல். ட்ராமெல்ல சம்மதமில்லாம ஒருத்தன் மேல ஒருத்தன் கைவைக்க முடியாது. சனம் பூராவும் அங்க போயிட்டு.

மாமா: நல்லதாப் போச்சே. வெட்டப் பிரியமுள்ளவன் எல்லாம் பழைய ஊர்ல ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கிட வேண்டியதுதானே?

மருமகன்: எல்லாவன் கையிலயும் வாள் இருந்தா அதுல என்ன மாமா ருசி? கல்லு சுமக்கவன் வேணும்லா!

மாமா: இந்தச் சீமையில பாளையக்காரன் காலத்துல காவல்கூலி வாங்குனவன், களவு போனா சரக்கை மீட்டுத் தரணும், இல்ல ஈடு கட்டணும். நீங்க கூலியும் கேக்கல, கல்லையும் விடல. அப்புறம்? நீ ஃபெலூக்காவிலேயே காத்துக் கெடந்தியோ?

மருமகன்: ட்ராமெல்ல காலி மனையாக் கெடந்துச்சு மாமா. திறந்ததும் ஓடிப் போயி ஒரு வீடு போட்டுட்டேன்.

மாமா: செகப்புப் பேர்க்காரனை உள்ள விட்டானா?

மருமகன்: விட மாட்டான். வேற பேர்ல போனேன்.

மாமா: பினாமி! அதுக்கு எதுக்குடே நியூஜெர்சி வரைக்கும் போனே?