துபாய் கடிதம்: அம்மாவின் குரல் யார் கணக்கில்?

இங்கே எல்லாரும் சௌக்கியம். துபாயின் தேரா பகுதியில் ஓர் அறையில் பரமக்குடிக்காரரின் போனுக்குத்தான் சௌக்கியமில்லை. (அறைவாசிகளுக்கு இங்கே பேர் கிடையாது, ஊர்தான்.) அன்றைக்குச் சமையல் முறை அவருடையது. சாம்பாருக்கு உப்புப் பார்க்கக் குனிந்தவரின் சட்டைப்பையிலிருந்து போன் நழுவி நேராகப் பாத்திரத்துக்குள் இறங்கிவிட்டது. கரண்டியால் அள்ளி எடுத்தார்கள், துடைத்தார்கள், அரிசி டப்பாவில் புதைத்து வைத்தார்கள். முருங்கைக்காய் வாசனையோடு அது ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது.

போன் போனதைவிட அதற்குள் இருந்த அம்மா போனதுதான் அவருக்குக் கவலை.

அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகும், வாய்ஸ் மெசேஜ் போகும். அழைப்பு மட்டும் போகாது. பேச வேண்டுமென்றால் அரசு அனுமதித்த போட்டிம் மாதிரி வேறு செயலி வேண்டும். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பே பெரிய படிப்பு. இன்னொன்றைக் கற்றுக்கொடுக்கப் பேரனுக்குப் பொறுமையில்லை. ஆகவே மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்மா பேசிவிடுவார். "சாப்பிட்டியாப்பா" என்று தொடங்கி, பசு கன்று போட்டது, பக்கத்து வீட்டுக்காரர் மொய் எழுதாமல் நழுவியது, ரேஷனில் துவரம் பருப்பு வராதது என்று போய், நடுவில் குக்கர் விசில் அடிக்க, "இருப்பா, வந்துர்றேன்" என்பதோடு அறுந்துபோகும். இப்படிச் சில வருஷத்துக் குரல் அந்தப் போனில் இருந்தது.

"அதெல்லாம் மேல இருக்கும்ணே, வந்துரும்" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். மேலே என்றால் எங்கே? செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் வாட்ஸ்அப் தன் சர்வரில் அதை வைத்துக்கொள்வதில்லை. சேராத செய்தியைத்தான் 30 நாள்வரை வைத்துப் பார்த்துவிட்டு அழித்துவிடும். பழசு வேண்டுமென்றால் நாமே பேக்கப் எடுத்திருக்க வேண்டும்: ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கில், ஐபோன் என்றால் ஐக்ளவுடில். ஆண்ட்ராய்டு போன் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தனக்குள்ளும் ஒரு நகல் எடுத்துவைக்கும் என்பது உண்மை. அந்த நகலும் சேர்ந்துதான் சாம்பாரில் குளித்தது.

நைஃப் பக்கம் போய்ப் புதுப் போன் வாங்கி வந்தார்கள். சிம் பிழைத்திருந்தது. செங்கோட்டைத் தம்பி ஐ.டி. படித்தவன் என்ற காரணத்தால் வைத்தியத்தை ஒப்புக்கொண்டான். பேக்கப் திரும்ப வர அதே நம்பர் வேண்டும், அதே கூகுள் கணக்கும் வேண்டும் என்று விளக்கிவிட்டு, "உங்க ஜிமெயில் என்னண்ணே?" என்றான்.

"அது எமிரேட்ஸ் ஐடில போட்டிருக்குமா?" என்றார் பரமக்குடி.

அக்கரைக்கு வந்த பாதிப்பேரின் கதை இதுதான். முதல் போன் வாங்கியபோது ஊரில் செல்போன் கடைத் தம்பியே ஒரு ஜிமெயிலைத் திறந்து, பாஸ்வேர்டையும் அவனே போட்டு, "எல்லாம் ஓகேண்ணே" என்று கையில் கொடுத்துவிடுவான். வீடு கட்டிய கடனுக்குப் பத்திரம் பேங்கில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். குடும்பத்துப் பேச்செல்லாம் கடைத் தம்பி திறந்த கணக்கில் இருப்பது யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் மன்னார்குடிக்காரர் உள்ளே புகுந்தார். "எதுக்கு இத்தனை பாடு? ‘ஸ்கிப்’ போட்டு உள்ள போங்க, அப்புறமாப் பாத்துக்கலாம்." விரல் திரைக்குப் பக்கத்தில் போய்விட்டது. செங்கோட்டைத் தம்பி பாய்ந்து போனைப் பிடுங்கினான். பழைய பேக்கப்பைத் திரும்ப எடுக்கும் வாய்ப்பு, நம்பரைப் பதிவு செய்கிற அந்த நேரத்தில்தான் வரும். தாண்டி உள்ளே போய்விட்டால், ராத்திரி எடுக்கப்படும் புதுப் பேக்கப் பழையதன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். அந்தப் புதுசில் இருக்கப்போவது மன்னார்குடியார் அனுப்பிய ஒரு ‘ஹாய்’ மட்டும்.

கடைத் தம்பி இப்போது திருப்பூரில் இருக்கிறான் என்று தகவல் வந்தது. பழைய நோட்டைத் தேடி பாஸ்வேர்டைச் சொன்னான், நல்லவன். கூகுள் நம்பவில்லை, மீட்பு எண்ணுக்குக் குறியீடு அனுப்புவேன் என்றது. மீட்பு எண்ணாக அவன் கொடுத்திருந்தது தன்னுடைய எண்ணைத்தான். திருப்பூரில் ஒருவர் எண்களை வாசிக்க, தேராவில் ஒருவர் தட்ட, துபாய் ஆசாமியின் கணக்கு திறந்தது. யாருக்கும் ஓடிபி சொல்லாதே என்று ஊரெல்லாம் கத்துவது இதனால்தான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அத்தனை வருஷமும் கணக்கு அவன் கையில். செங்கோட்டைத் தம்பி முதல் வேலையாக மீட்பு எண்ணையும் பாஸ்வேர்டையும் மாற்றினான். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் போட்டுக்கொடுத்தான்.

பேக்கப் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்களும் தங்கள் போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய்ப் பார்த்தார்கள். பலருக்குக் கடைசித் தேதி போன தீபாவளி. 2018 முதல் சில வருஷம் கூகுள் இந்தப் பேக்கப்பைச் சேமிப்பு அளவில் சேர்க்காமல் இலவசமாக விட்டிருந்தது. 2024 முதல் பாதிக்குள் அந்தச் சலுகை எல்லாருக்கும் படிப்படியாகப் போய், இலவச 15 ஜிபிக்குள்ளேதான் என்றாகிவிட்டது. இடம் நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். நிரப்பியது யார்? தாமரைப்பூ மேல் ‘காலை வணக்கம்’ எழுதி அனுப்பும் பெரியப்பாக்களும், கட்சிக் குழு வீடியோக்களும். ஐபோன்காரர்களுக்கு இலவசம் 5 ஜிபி, பெரியப்பாக்கள் அதே எண்ணிக்கைதான். வீடியோ சேர்க்க வேண்டாம் என்று ஒரு பொத்தானைத் தள்ளினால் பாதிச் சுமை இறங்கும்.

பேக்கப்புக்குப் பூட்டும் உண்டு. 2021 அக்டோபரில் வந்தது: பாஸ்வேர்டு அல்லது 64 இலக்கச் சாவி. அந்தப் பூட்டு இருந்தால் கூகுளோ வாட்ஸ்அப்போ கூடப் படிக்க முடியாது. போனும் போய்ச் சாவியும் தொலைந்தால் உரியவரும் படிக்க முடியாது. செங்கோட்டைத் தம்பி அந்த 64 இலக்கத்தைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்தவன். மறுநாள் காலையில் யாரோ கிழித்து வடைக்கு எண்ணெய் ஒற்றிவிட்டார்கள். நல்ல வேளை, அவன் போன் உயிரோடு இருந்ததால் பூட்டை மாற்றிக்கொண்டான். இப்போது கைரேகையே போதும் என்று பாஸ்கீ வசதி வந்துவிட்டது.

ஊர் நம்பரிலேயே வாட்ஸ்அப் வைத்துக்கொண்டு சிம்மைப் பெட்டியில் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் அந்த நம்பரை முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த சிம் கணக்கில் 20 ரூபாயாவது மிச்சம் இருக்கட்டும். விசா முடிந்து ஊர் திரும்புகிறவர்கள், அமீரக சிம் சாவதற்கு முன்பே ‘நம்பர் மாற்று’ என்பதை அழுத்திவிட்டு விமானம் ஏறலாம்.

விடியற்காலம் பரமக்குடியாருக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. முதலில் எழுத்து, பின்னாலேயே படங்களும் குரல்களும். அவற்றோடு, மன்னார்குடிக்காரர் போன ரம்ஜானுக்கு அனுப்பிய ஒரு செய்தியும்: "அண்ணே, 300 திர்ஹம் அவசரம், அடுத்த சம்பளத்துல குடுத்துடுறேன்." காலை டீயின்போது அவரைத் தேடினார்கள். ஓவர்டைம் இருக்கிறது என்று விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டாராம்.