சித்திரகுப்தர் கமிட்டிக்கு ஒரு மனு

அனுப்புநர்: நோயாளியின் உடன் வந்தவர், டயாலிசிஸ் வார்டு வாசல் பெஞ்ச், ஒரு மாவட்ட அரசு மருத்துவமனை.

பெறுநர்: சேர்க்கைத் தேர்வுக் குழு, செயற்கைச் சிறுநீரக மையம், சியாட்டில், 1962.

பொருள்: தங்கள் மேல் விழுந்த பழியைத் துடைத்தல் தொடர்பாக.

பெருந்தகையீர்,

தாங்கள் கலைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்பது தெரியும். கெடு முடிந்தபின் மனுப் போடுவது எங்கள் ஊர் வழக்கம், பொறுத்தருள வேண்டும்.

வெளிநோயாளிகளுக்கென்று உலகின் முதல் டயாலிசிஸ் மையம் தங்கள் ஊரில் திறந்தபோது இயந்திரம் கொஞ்சம், சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஏராளம். யாரைப் படுக்க வைப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்ற பாவத்தை டாக்டர்கள் மட்டும் சுமக்க விரும்பவில்லை. ஆகவே வக்கீல், பாதிரியார், வங்கிக்காரர், குடும்பத் தலைவி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவைச் சிகிச்சை நிபுணர் என்று ஏழு பேர் உட்கார்ந்தீர்கள். வயது, வருமானம், சொத்து, கல்யாணம், பிள்ளைகள், படிப்பு எல்லாம் விசாரித்தீர்கள். எங்கள் பாரதியார் வந்து நின்றிருந்தால் வயதில் தேறியிருப்பார். சொத்து விவரத்தைப் பார்த்ததும் வங்கிக்காரர் பேனாவை மூடியிருப்பார். ‘லைஃப்’ பத்திரிகை இதை எழுதியதும் உலகம் உங்களைக் கரித்துக் கொட்டியது.

எனக்கு மாற்றுக் கருத்து. நீங்கள் நல்லவர்கள். கூட்டம் போட்டீர்கள், ஒவ்வொருவர் விவரத்தையும் படித்தீர்கள், ஒருவரைத் தள்ளுமுன் உங்களுக்குள் வாதாடினீர்கள். எங்கள் ஊரில் அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தேர்வு தானாகவே நடக்கிறது.

எங்கள் குழுவின் முதல் உறுப்பினர், விடியற்காலை ஐந்தேகால் டவுன் பஸ். அது வந்தால் என் சித்தப்பாவுக்கு முழுசாக நான்கு மணி நேர டயாலிசிஸ். வராவிட்டால் அடுத்த வண்டி பிடித்துப் போவதற்குள் படுக்கை காத்துக் கிடக்கும். பின்னால் அடுத்த ஷிஃப்ட் ஆளும் காத்து நிற்பார். மூன்று மணி நேரத்தில் ஊசியைக் கழற்றிவிடுவார்கள். மீதி ஒரு மணி நேரத்துக் கழிவு இரத்தத்தோடு ஊர் திரும்பும். தாம் இப்படியொரு மருத்துவக் குழுவில் இருப்பது டிப்போ மேலாளருக்கே தெரியாது. தெரிந்தால் படி கேட்பார்.

வருமானச் சான்றிதழ் இன்னொரு உறுப்பினர். அவரைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மோட்டார் மூன்றாமவர், சற்றே முன்கோபி. இயந்திரத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர் திரவம் ஓட வேண்டும். நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். பக்கத்தில் படுத்திருக்கும் சித்தப்பாவுக்கோ நாளெல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்தான் அனுமதி, ரசமும் மோரும் அதற்குள். சித்திரை வெயிலில் இது நடக்கிற காரியமா? எடை பார்க்கும் தம்பி, “நாலு கிலோ ஏறியிருக்கே, என்னண்ணே குடிச்சீங்க?” என்று வார்டுக்கே கேட்கும்படி விசாரிப்பான். சித்தப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்.

சிகிச்சை இலவசம், அதில் பொய் இல்லை. ஊசி குத்தும் சிஸ்டர் தங்கமானவர். பஸ் கட்டணமும், கூட வருகிறவனின் அன்றாடக் கூலியும் இலவசத்தில் சேராது, அவ்வளவுதான். இதையும் சர்க்கார் அறியாமல் இல்லை. 2016 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அருண் ஜெட்லி தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபோது, நெடுந்தொலைவு அலைச்சல், பயணச் செலவு, கூலி இழப்பு மூன்றையும் அவரே சொன்னார்.

அந்த உரையைப் படித்தபோதுதான் எங்கள் குழுத் தலைவரைக் கண்டுபிடித்தேன். ஆண்டுதோறும் புதிதாக 2.2 லட்சம் பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது, அதனால் கூடுதலாக 3.4 கோடி டயாலிசிஸ் தேவைப்படுகிறது என்றார் அமைச்சர். வார்டு பெஞ்சில் வேறு வேலை இல்லாததால் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 155 முறை வருகிறது. அதாவது வாரம் மூன்று. ஒரு முறைக்கு 2,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல் என்றதும் அதே கணக்குத்தான். டெல்லியில் மூன்றாக இருந்தது, எங்கள் வார்டுச் சுவரில் தொங்கும் அட்டவணைக்கு வந்து சேரும்போது இரண்டாகியிருக்கிறது. செவ்வாய், வெள்ளி. அந்த அட்டவணைதான் எங்கள் குழுத் தலைவர். நாட்டில் பல வார்டுகளில் இதே கதைதான். நல்ல சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் ஓய்வில்லாமல் உழைக்கும். அதன் இடத்தில் 12 மணி நேரமே சொற்பம், எட்டில் என்ன தேறும்? மூன்றில் ஒன்றைக் கழித்தது யார் என்று சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்தில் கேட்டேன். “பெட் இல்லைங்க” என்றார்கள். தங்கள் குழு ஒருவரை முழுசாக எடுத்தது, அல்லது முழுசாக விட்டது. எங்கள் குழு எல்லோரையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரிலும் மூன்றில் ஒரு பங்கை விடுகிறது. இதில் பத்திரிகைக்காரன் யாரைப் படம் பிடிப்பான்?

தங்கள் நாட்டில் 1971-இல் ஒரு நோயாளி, நாடாளுமன்றக் குழுவின் முன்னாலேயே இயந்திரத்தை மாட்டிக்கொண்டு டயாலிசிஸ் செய்துகாட்டினார். மறு ஆண்டே சட்டம் வந்தது, செலவைப் பெரும்பாலும் அரசே ஏற்றது, தங்களைப் போன்ற குழுக்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இதைச் சித்தப்பாவிடம் விரிவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “டெல்லிக்குப் போகணும்னா செவ்வாய்க்கிழமை ஊசி கழட்டின கையோட கிளம்பணும். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட்டுக்குத் திரும்பிட முடியுமாடா?” என்றார்.

இப்படிக்கு,
படுக்கை எண் 4-இன் உடன் வந்தவர்