304-ஏ பிரிவின் பெருங்கருணை

கவனக்குறைவால் சாவு விளைவித்தவர்களுக்கான 304-ஏ பிரிவே, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் தயாள குணமெல்லாம் உன்னிடத்தில்தான் குடிகொண்டிருந்தது. செத்தவர் எத்தனை பேர் என்பது உனக்கு முதல் கேள்வியல்ல. சாவுக்குக் காரணமானவர் நெஞ்சில் என்ன இருந்தது என்றுதான் பார்ப்பாய். இங்கிலாந்துச் சட்டத்தின் வழியில் வந்த பெரிய குணம் அது. அங்கே 11, 12 வயதுச் சிறுவர்கள் இருவர் ஒரு கடையின் பின்புறம் பழைய செய்தித்தாளைக் கொளுத்திப் போட்டார்கள். கட்டடம் எரிந்து சுமார் பத்து லட்சம் பவுண்டு நட்டம். இப்படி ஆகும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை என்பதற்காக, 2003-இல் பிரபுக்கள் சபை அவர்கள் மீதான தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. மனமாரப் போற்றுகிறேன்.

நீயோ அந்தக் கருணையைப் பிள்ளைகளோடு நிறுத்தியவள் அல்லள். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் இடையே லாரிகள் பறக்கும் சாலை வரைக்கும், பெரம்பலூர் வழியாகப் போகும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை வரைக்கும் அதை நீட்டினாய். ரோட்டோரம் நடந்துபோன ஒருத்தியை லாரி அடித்துவிட்டால் ஊர் மறியலில் உட்காரும். அதிகாரிகள் வந்து சமாதானம் பேசுவார்கள். எப்.ஐ.ஆரில் ஓட்டுநர் பெயர் ஏறும். தூக்கத்தை விற்றால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும் என்னும்படி நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியவரின் பெயர் ஏறாது. அவர் வண்டியில் இல்லை, பிரேக்கில் கால் வைக்கவில்லை. அவர் நெஞ்சை மட்டும் நீ திறந்து பார்ப்பதில்லை. எவ்வளவு நாகரிகம் உனக்கு!

சாவு வரலாம் என்று தெரிந்தே செய்தவனுக்கு 304-இன் இரண்டாம் பகுதி பத்தாண்டு வரை வைத்திருந்தது. யோசிக்காமல் செய்தவன் உன்னிடம் வருவான். அதிகம் போனால் இரண்டாண்டு, இல்லையேல் அபராதத்தோடு வீடு. ஜாமீனும் அவன் உரிமை. தெரிந்துகொள்ளாமல் இருந்தவனுக்கு எட்டாண்டு பரிசு! டயர் தேய்ந்ததைப் பார்க்க ஆள் வைக்காத, ஏற்றிய பாரத்தை நிறுத்துப் பார்க்காத முதலாளிமாரை இவ்வளவு ஆதரித்த பிரிவு வேறெது? 1870-இல் பிறந்து 154 ஆண்டு, பொன்னும் நிலமும் விலை ஏறின. உயிருக்கு நீ வைத்த விலை ஏறவேயில்லை.

போபாலுக்கும் நீதான் புகலிடம். ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற 1984-இன் விஷவாயு வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்திய நிர்வாகிகள் மீதான குற்றச்சாட்டைப் பெரிய பிரிவிலிருந்து இறக்கி உன் மடியில் வைத்தது. 2010-இல் இரண்டாண்டுத் தண்டனை, கையோடு ஜாமீன். ஒரு நகரத்தையே தாங்கும் மடி!

ஆனால் உன் அருமை தெரியாத ஒருவர் இருந்தார். 1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பாலமும் கட்டவில்லை, ரயிலும் ஓட்டவில்லை. எந்தப் பிரிவும் அவரைத் தொட்டிருக்க முடியாது. ஆனாலும் அவர் பதவி விலகினார். உன்னிடம் கேட்டிருந்தால் நாற்காலியிலேயே இருக்கச் சொல்லியிருப்பாய்.

2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவாகப் புதுப்பிறவி எடுத்தாய். இரண்டாண்டு ஐந்தாண்டானது, பெரும்பாலும் ஓட்டுநருக்கு. இங்கிலாந்தோ 2007-இலேயே தனிச் சட்டம் செய்துவிட்டது: ஒரு சாவுக்குக் காரணமான கடுமையான கடமை மீறலில் மேல்மட்ட நிர்வாகம் வேலையை நடத்திய விதம் பெரும் பங்கு வகித்தால், நிறுவனத்தையே கூண்டில் ஏற்றலாம். பதினேழு ஆண்டு கழித்துப் பிறந்தும் நீ அதைக் கேள்விப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தெரியாது என்பவர்களைச் சிறிதாகவே தண்டிப்பது உன் வழக்கமாயிற்றே, உன்னையும் யாரும் பெரிதாகத் தண்டித்துவிட மாட்டார்கள்.