தகாலோக் மொழியில் பூச்சிகளின் இலக்கணப் பங்கு: கரப்பான் முதலாகக் கற்றல் குறித்து ஓர் ஆய்வு

பிலிப்பீன்ஸின் தேசிய மொழிக்குத் தகாலோக்கே அடிப்படை என்று அதிபர் கேசோன் 1937இல் அறிவித்தார். அதை எந்தப் பூச்சியிலிருந்து கற்கத் தொடங்குவது என்பதை மட்டும் அறிவிக்காமல் விட்டுவிட்டார். அக்குறையைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

மொழி கற்பிக்க முன்வருவோர் வண்ணத்துப்பூச்சியைத்தான் முதலில் பறக்கவிடுகிறார்கள்: பாருபாரோ. அதன் பின்னே மலர், புலக்லக். அப்புறம் வானவில், பஹாக்ஹாரி. சொல்லைப் பிரித்தால் அரசனின் கோவணம். (முதல் வகுப்பில் யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.) அழகான பட்டியல்தான். ஆனால் மணிலாவில் வாடகைக்கு வீடு பிடித்தவன் நள்ளிரவில் சமையலறை விளக்கைப் போட்டால் எதிர்ப்படுவது வானவில் அல்ல. இபிஸ், அதாவது கரப்பான்.

இங்கே இவ்வாய்வாளர் முன்வைக்கும் கருதுகோள்: தகாலோக்கில் ஒரு பூச்சி எவ்வளவு தொல்லை தருகிறதோ அவ்வளவுக்கு அதன் பெயர் குறுகும். கரப்பான் இபிஸ், கொசு லமோக், கரையான் ஆனாய், மூட்டைப்பூச்சி சூரோத், பேன் கூதோ. எல்லாம் இரண்டே அசை. கையில் செருப்போடு நிற்கிறவனுக்கு அதற்குமேல் நேரமில்லை. மாறாக, ஒருவர் வம்புக்கும் போகாத மின்மினி அலிதப்தப், வண்டு சலகூபங். இரண்டுக்கும் நான்கு அசை. சலகூபங்கின் காலில் நூல் கட்டிப் பறக்கவிடும் பிள்ளைகளுக்கும், சிலந்தியைத் தீப்பெட்டியில் வளர்த்துக் குச்சியின்மேல் சண்டைக்கு விடும் பிள்ளைகளுக்கும் அவகாசம் ஏராளம். தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்த நம் வாசகர்களுக்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

இவ்விதிக்கு முரணாக நிற்பது பூரான். கடித்தால் கடுக்கும்; பெயரோ அலுபீஹான், நான்கு அசை. அத்தனை கால் இருக்கும்போது பெயரும் சற்று நீளத்தான் செய்யும். ஒத்துவராத சான்றை இப்படி ஒதுக்கிவைப்பது ஆய்வு மரபுக்கு உட்பட்டதே.

தேசிய நாயகர் ஹோசே ரிசாலும் இத்துறைக்கு அன்னியர் அல்லர். 1892 முதல் 1896 வரை உள்நாட்டிலேயே தாபித்தானில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த காலத்தில் உயிரினங்களைச் சேகரித்து ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஒரு வண்டினத்துக்கு அவர் பெயரையே சேர்த்து அப்போகோனியா ரிசாலி என்று வைத்தார்கள். எண்ணிப் பாருங்கள், எட்டு அசை. நம் விதிக்கு அறிவியலும் உடன்பட்டுவிட்டது.

அடுத்தது இலக்கணம். தகாலோக்கில் பூச்சியின் பெயரையே வினையாக்கலாம். எறும்பு, லங்கம். எறும்பு மொய்த்துவிட்டது என்பதற்கு நிலங்கம். மொய்த்துக்கொண்டிருக்கிறது என்றால் நிலாலங்கம். இனி மொய்க்கும் என்றால் லாலங்கமின். மூடாத ஒரு சர்க்கரை டப்பா இருந்தால் முக்காலத்தையும் கற்பித்துவிடலாம். காலம் என்று சொல்லக் கூடாது, வினை முடிந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு என்று இலக்கணிகள் திருத்துவார்கள். டப்பாவுக்கு இரண்டும் ஒன்றே. காதலர் இருவர் அளவுமீறிக் குழைந்தால் பக்கத்தில் இருப்பவர் நிலாலங்கம் என்று கேலி செய்வார். அத்தனை தித்திப்பு, எறும்பு வந்துவிட்டதாம். ஈயின் பெயர் லாஙவ். படம் ஓடாத திரையரங்கை நிலாலாஙவ் என்பார்கள், ஈ மொய்க்கிறது. நம் ஊரில் வியாபாரமில்லாத கடையில் ஈ ஓட்டுகிறார்கள். அங்கே ஓட்டவும் ஆளில்லை.

ஈக்கும் எறும்புக்கும் ஒலிப்பில் வேறுபாடு நுட்பமானது: எறும்பில் ங்க, ஈயில் வெறும் ங. தமிழருக்கு இதில் கவலை வேண்டாம். ஆத்திசூடியில் ஔவையார் இடம் கொடுத்த பிறகு ஙகர வரிசைக்கு நிரந்தர வேலை போட்டுக் கொடுத்தவர்கள் தகாலோக் மக்களே.

வரலாற்றுப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கலாம். பேனாகிய கூதோ மலாயிலும் மவோரியிலும் கூதூ, ஹவாயில் உகு. உகுலேலே என்ற இசைக்கருவியின் பெயருக்குக் 'குதிக்கும் தெள்ளு' என்று பொருள் சொல்வார்கள். தீவு தீவாகப் படகேறிய முன்னோர் தலையில் சொல்லையும் சுமந்தே போயிருக்கிறார்கள். மொழியியலாரும் பேன் சீப்பும் கருத்து வேறுபடாத இடம் இது. 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர் விட்டுச் சென்றவற்றுள் புல்காஸ் என்ற தெள்ளும் கரபாத்தா என்ற நாயுண்ணியும் அடங்கும். சொற்களைச் சொல்கிறேன், பூச்சிகளையும் அவர்களே கொண்டுவந்தார்களா என்று நாய்களைத்தான் கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தத் தேர்ச்சியோடு விமானமேறிச் சேபு நகரில் இறங்கிவிடக் கூடாது. அங்கே பேசும் செபுவானோ மொழியில் லங்கம் என்றால் பறவை. மரத்தைக் காட்டி லங்கம் என்று கூவினால் மணிலாக்காரர் குனிந்து அடிமரத்தைப் பார்ப்பார், சேபுக்காரர் அண்ணாந்து கிளையைப் பார்ப்பார்.

ஆகவே பாடத்திட்டம் வகுப்போருக்கு வேண்டுகோள்: முதல் பாடத்தில் கரப்பானையும் இரண்டாம் பாடத்தில் எறும்பையும் வையுங்கள். சேபு செல்பவர்களுக்கு அந்த இரண்டாம் பாடத்தை மட்டும் கூண்டோடு மாற்றிக் கொடுங்கள்.