கடலை ஊறும் நேரம்: மாதர் சங்கக் கூட்டத்தில் சிறப்பு விருந்தினரின் இடம் குறித்து ஓர் ஆய்வு

மாதர் சங்கங்களைப் பற்றித் தமிழில் ஆய்வே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தோற்றம், வளர்ச்சி, சமூகப் பங்களிப்பு என்று இயல் பிரித்து யாராவது ஒருவர் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அழைப்பிதழில் மாலை 4 மணி என்று போட்டு 4.45-க்குத் தொடங்கும் மாதாந்திரக் கூட்டத்தில், மேடையின் நடு நாற்காலியில் உட்காரும் சிறப்பு விருந்தினர் எதற்காக வருகிறார் என்ற அடிப்படைக் கேள்வியை எவரும் தொட்டதில்லை. சென்னைப் பேட்டை ஒன்றின் மாதர் சங்கத்தில் நான் இணைச் செயலாளர். அதாவது, பேச்சாளரைப் பிடித்து வருவதும் பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. இந்த ஆய்வுக்கு வேறு தகுதி தேவையில்லை என்று நினைக்கிறேன்.

விருந்தினர் வருவதால் கூட்டம் நடக்கிறது என்பது பொதுநம்பிக்கை. தரவுகள் அதை ஆதரிக்கவில்லை. கூட்டத்தை நடத்துவது கொண்டைக்கடலை. கறுப்போ வெள்ளையோ, எட்டு மணி நேரமாவது ஊறாத கடலை சுண்டலுக்கு ஆகாது. எனவே முந்தின இரவே அதை நனைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் பேச்சாளரின் நிலை என்ன? "காலையில ஒரு தடவை கால் பண்ணுங்க மேடம், பார்த்துச் சொல்றேன்." கடலை உறுதியாகிவிட்ட பிறகும் பேச்சாளர் ஐயத்துக்குரியவராகவே இருக்கிறார். ஊறிய கடலையை உலர்த்தி மறுபடி டப்பாவில் போட்ட பொருளாளரை நான் கண்டதில்லை. ஆகவே கூட்டம் நடக்கும்.

எலும்பு டாக்டர் ஒருவர் அவசர ஆபரேஷன் என்று கடைசி நேரத்தில் கைவிரித்த அன்றும் நடந்தது. காசிக்குப் போய்வந்த உறுப்பினர் ஒருவரை நடு நாற்காலியில் உட்காரவைத்து, வாங்கிவைத்த பொன்னாடையை அவருக்கே போர்த்தினோம். கங்கா ஆரத்தியைப் பற்றி அவர் பேசியதை எல்லோரும் ரசித்தார்கள். எதிர்ச்சோதனையும் உண்டு. சிலிண்டர் தீர்ந்து சுண்டல் வேகாத ஒரு மாலையில் பேச்சாளர் நேரத்துக்கு வந்து அருமையாகப் பேசினார். அதை இன்றும் "சுண்டல் வராத கூட்டம்" என்றுதான் சொல்கிறார்கள். பேசியவர் யார் என்று மினிட்ஸ் நோட்டைப் புரட்டினால்தான் தெரியும். பாசிப்பயறு என்றால் கொஞ்ச நேரம் ஊறினால் போதும், விருந்தினர் வீட்டை விட்டுக் கிளம்பிய செய்தி வந்ததும் நனைக்கலாமே என்று ஒரு மாற்றுத் தரப்பு வாதிடுகிறது. குழைந்துவிடும் என்ற காரணத்தால் செயற்குழு இதை ஏற்கவில்லை.

அடுத்து குத்துவிளக்கு. ஐந்து முகம், ஐந்து பேர், ஒரு மெழுகுவர்த்தி. நேர் மேலே மின்விசிறி. முதல் முகத்தை விருந்தினர் ஏற்றுகிறார், இரண்டாவதைத் தலைவி. மூன்றாவதற்கு மெழுகுவர்த்தி கைமாறும்போது முதல் முகம் அணைகிறது. "ஃபேனை ஆஃப் பண்ணுங்கோ!" என்று நாலு வரிசையிலிருந்து குரல் வருகிறது. ஐந்தாவது திரி எண்ணெயில் முழுகிக் கிடப்பதால் பற்றவே பற்றாது. அனுபவசாலி ஒருவர் வந்து அதை விரலால் தூக்கி, நுனியைப் பிழிந்து, கையைத் தலையில் துடைத்துக்கொண்டு போனபின் எரியும். எரியும் விளக்கை அணைப்பது அபசகுனம் என்பதால் அதன்பிறகு ஃபேனைப் போட யாருக்கும் துணிவு வராது. பேச்சாளர் வியர்த்து வழியப் பேசுகிறார். எங்கள் சங்கத்தில் எவரும் நீட்டிப் பேசுவதில்லை என்று ஊரில் ஒரு நல்ல பெயர் உண்டு. காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

இறைவணக்கம், வரவேற்புரை, விருந்தினரின் பட்டங்களை ஒன்றுவிடாமல் படிக்கும் அறிமுகவுரை ஆகியவை எல்லா ஊரிலும் ஒன்றே; விட்டுவிடலாம். ஆய்வாளர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் கேள்வி நேரம். இங்கேதான் நான் "முழங்கால் விதி" என்று பெயரிட்டிருக்கும் நிகழ்வு வெளிப்படுகிறது. விருந்தினரின் துறை எதுவானாலும், மூன்றாவது கேள்விக்குள் பேச்சு முழங்காலுக்கு வந்து சேரும்.

உயில் பற்றிப் பேச வழக்கறிஞர் அம்மா ஒருவர் வந்தார். முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும், பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை, செய்துவைத்தால் நல்லது என்று தெளிவாகச் சொன்னார். கேள்வி: "பதிவு ஆபீஸ் மாடியில இருக்கு மேடம். எனக்கு முழங்கால் வலி. அவங்க வீட்டுக்கு வருவாங்களா?" வருவார்கள். உடல் இயலாதவர் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிய 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உரையில் வராத இந்தச் செய்தியைத்தான் பலரும் குறித்துக்கொண்டார்கள். வங்கி மேலாளர் வைப்பு நிதியைப் பற்றிப் பேசினார். எங்களவர்களோ நவம்பர் மாத ஓய்வூதிய உயிர்ச்சான்றுக்குப் படியேற முடியவில்லை என்று முறையிட்டு, தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வருவார், செல்போனில் முகத்தைக் காட்டியும் சான்று அனுப்பலாம் என்ற தகவலை அவரிடமிருந்து கறந்தார்கள்.

இணைய மோசடியைப் பற்றிப் பேசிய இன்ஸ்பெக்டர், "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை, பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள் என்றார். முன்வரிசைப் பாட்டி எழுந்திருக்காமலே கை தூக்கினார். "எனக்கு முழங்கால் வலி சார். நான் எழுந்து போறதுக்குள்ள ஃபோன் கட்டாயிடறது. என்னை எப்படி ஏமாத்துவான்?" இன்ஸ்பெக்டர் யோசித்துவிட்டு, "உங்களுக்குக் கவலையில்லை பாட்டி" என்றார். சைபர் பாதுகாப்பில் மூட்டுவாதத்தின் பங்கு தனி ஆய்வுக்குரியது.

இலக்கியமாவது தப்புமா என்றால் இல்லை. சிலப்பதிகாரம் பேசிய பேராசிரியர், புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த நெடுவழியை உருக்கமாக விவரித்தார். கண்ணகிக்காகக் கண் கலங்குவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். வந்த கேள்வி, "அந்த வயசுல கவுந்தியடிகள் எப்படி சார் அவ்வளவு தூரம் நடந்தாங்க?" சமணத் துறவிகள் வாகனம் ஏறுவதில்லை, நடந்து நடந்தே பழக்கம் என்றார் பேராசிரியர். "எங்க டாக்டரும் நடக்கத்தான் சொல்றார்" என்று பின்வரிசை ஆமோதித்தது. சிலம்பு படித்தவர்கள் கவுந்தியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர் காலைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் எங்கள் சங்கத்தார்தான்.

வரலாற்றுப் பின்புலம் சேர்க்காவிட்டால் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மார்கரெட் கசின்ஸும் டோரதி ஜினராஜதாசவும் முன்னின்றார்கள். அன்னி பெசன்ட் தலைவர். தையல், முதலுதவி, எழுத்தறிவு என்று கிளைகளில் வகுப்புகள் நடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். அத்தனை பெரிய மனிதரை மேடையில் உட்காரவைத்து மாலை போட்டு அறிவுரை கேட்டிருக்கலாம். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைப் போய்ப் பார்த்து, ஆண்களுக்கு உள்ள வாக்குரிமை எங்களுக்கும் வேண்டும் என்றது. 1921-இல் சென்னை மாகாணத்தில், சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்காவது, அது கிடைத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் உட்கார்ந்து துணைத்தலைவராகவும் ஆனார். ஆக, வந்தவர் சொல்வதைக் கேட்பதைவிட அவரிடம் நமக்கு வேண்டியதைக் கேட்பதே மாதர் சங்க மரபு. முழங்கால் விதி அந்த மரபின் பேட்டைப் பதிப்பு.

தம்போலாவைப் பற்றி ஒரு சொல். 1 முதல் 90 வரை எண்கள், சீட்டுக்குப் பதினைந்து. தம்போலா 4 மணிக்கு என்றால் 3.50-க்கு நாற்காலி நிறைந்துவிடுகிறது. இதைச் சுட்டிக்காட்டி ஒரு பேச்சாளர் வருத்தப்பட்டார். பேச்சுக்குத் தாமதமாக வந்தால் இழப்பு ஒன்றுமில்லை, முதல் ஐந்து எண்ணைத் தவறவிட்டால் இழப்பு உண்டு என்பதை அவருக்கு விளக்கினோம்.

இனி எங்கள் சங்கத்துக்குப் பேச வர இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் துறையில் முழங்காலுக்கு என்ன வழி இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு வாருங்கள். உரையை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுக் கேள்விகளுக்கு நேரம் கொடுங்கள். முடிந்ததும் காரில் ஏறிவிடாதீர்கள். மைக்கை அணைத்த பிறகு தொன்னையோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்காருபவர்களுக்குத்தான் உண்மையான சந்தேகம் இருக்கும்.