நெட்டைப் பிள்ளை வளர்ப்பு: திருமழிசைப் பெற்றோருக்கு ஒரு கையேடு

உயரமான பிள்ளையை வளர்க்கத் தனியாக எந்தப் பயிற்சியும் வேண்டாம். சோறு போட்டால் போதும், அது பாட்டுக்கு வளரும். இந்தக் கையேடு பிள்ளையை வளர்ப்பது பற்றியதல்ல. வளர்ந்து நிற்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரைச் சமாளிப்பது பற்றியது. உங்கள் மகன் நாலாம் வகுப்பு, பார்க்கிறவர்களுக்கு எட்டாம் வகுப்பு என்றால் மேலே படியுங்கள். அவன் உயரத்துக்கும் வகுப்புக்கும் சண்டை இல்லையென்றால் இதை மடித்து வைத்துவிடலாம்.

முதலில் வரும் கேள்விக்குத் தயாராகுங்கள்: "என்ன குடுக்கறீங்க?" காய்கறிக் கடையில், கோயில் வாசலில், தண்ணி கேன் போட வருகிறவரிடமிருந்து, எங்கிருந்தும் வரும். உண்மையைச் சொல்லக் கூடாது. "சோறு, குழம்பு, அப்பளம்" என்று சொன்னால், எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். "கறுப்பு உளுந்தங்களி" என்று சொல்லிப் பாருங்கள், உடனே முகம் மலரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் நாலு வீட்டில் நல்லெண்ணெய் மணக்கும். எங்கள் பக்கத்தில் இன்னொரு சித்தாந்தமும் உண்டு. 2020 மே முதல் செப்டம்பர் வரை கோயம்பேடு காய்கறிச் சந்தை கொரோனாவுக்காகத் திருமழிசைக்கு மாறி வந்திருந்ததே, அப்போது கை எட்டும் தூரத்தில் கிடைத்த காயைத் தின்று வளர்ந்ததால்தான் இந்தத் தலைமுறை இப்படிக் கிளம்புகிறது என்பார்கள். மழையில் சந்தை சேறாகி லாரிகள் சிக்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களே இதையும் சொல்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி, "கம்பியில தொங்கறானா?" தொங்கினால் தோள் வலிக்கும், உயரம் கூடாது. உயரத்தில் பெரும்பங்கு அம்மா அப்பா கொடுத்தது. குழந்தை மருத்துவர்கள் போடுகிற கணக்கு ரொம்ப எளிது: இருவர் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டுங்கள், பையன் என்றால் 13 சேருங்கள், பெண் என்றால் 13 கழியுங்கள், வந்ததை இரண்டால் வகுங்கள். அப்பா 174, அம்மா 157 என்றால் மகன் 172 பக்கம் வருவான், மகள் 159 பக்கம் வருவாள். ஏழெட்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே போகலாம். இதைக் கேள்வி கேட்டவரிடம் விளக்கிவிடாதீர்கள். அவர் உங்கள் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்ப்பார்.

"என்ன குடுக்கறீங்க?" என்ற முதல் கேள்வியை இந்த ஊரில் வேறொரு பெற்றோரும் சந்தித்திருக்க வேண்டும். திருமழிசையாழ்வாரைக் குழந்தையாகப் பிரம்புப் புதரடியில் கண்டெடுத்தவர், பிரம்பு வெட்டப் போன திருவாளன். அவரும் மனைவி பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்தார்கள். பிள்ளை பால்கூடக் குடிக்காமல் வளர்ந்தது என்கிறது குருபரம்பரைக் கதை. என்ன கொடுக்கிறீர்கள் என்று அக்கம்பக்கம் கேட்டிருந்தால், ஒன்றுமே இல்லை என்றுதான் அந்த அம்மாள் சொல்லியிருக்க முடியும், யார் நம்பியிருப்பார்கள்? பிறகு ஒரு முதிய தம்பதி கொண்டுவந்த பாலைக் குழந்தை குடித்ததாம், மிச்சப் பாலைக் குடித்த அந்த இருவருக்கும் இளமை திரும்பியதாம். உங்கள் பிள்ளை வைக்கிற மிச்சத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. அவன் மிச்சமும் வைக்க மாட்டான்.

அடுத்தது பஸ். பொறுமை நிறைய வேண்டிய பாடம் இது. பூந்தமல்லிக்குப் போகும் வெள்ளை போர்டு வண்டியில் ஏறுகிறீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், ஆகவே உங்களுக்குக் காசில்லை. ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் இல்லை. பன்னிரண்டு வரை அரை டிக்கெட். கண்டக்டர் உங்களிடம் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் உங்கள் தலைக்குச் சமமாகத் தெரிகிற இன்னொரு தலையைப் பார்க்கிறார்.

"தம்பி, டிக்கெட்?"

"அரை குடுங்கண்ணா."

"யாருக்கும்மா அரை?"

"இவனுக்குத்தான்."

கண்டக்டர் பதில் சொல்ல மாட்டார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பையனை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் இதுவரை அவரை ஏமாற்றிய எல்லாரும் இருப்பார்கள். பையன் அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக எதையோ காட்டி, "அம்மா, ஜேசிபி!" என்று கத்தினால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் ஆதாரை எடுங்கள். கசங்காத நகலாக, பிறந்த தேதி பளிச்சென்று தெரிகிற மாதிரி லேமினேட் செய்து கைப்பையின் வெளி அறையிலேயே வைத்திருக்க வேண்டும். கண்டக்டர் தேதியைப் படிப்பார், விரல் விட்டு எண்ணுவார், மறுபடி பையனைப் பார்ப்பார். கோபம் போய்விடும். குனிந்து, குரலைத் தாழ்த்தி, "என்னம்மா குடுக்கறீங்க?" என்பார்.

உளுந்தங்களி.

பெண் பிள்ளை பெற்றவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். வெள்ளை போர்டு வண்டியில் மகள் ஆறடி இருந்தாலும் டிக்கெட் இல்லை. மெட்ரோ அப்படியில்லை, அங்கே வயதே கேட்பதில்லை. பெரியவரோடு வரும் குழந்தை 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இலவசம், அவ்வளவுதான். சராசரிக் குழந்தை இரண்டு வயது தாண்டிச் சில மாதத்தில் அந்தக் கோட்டைத் தொடும். உங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டாம் பிறந்தநாளுக்கு முன்பே தொட்டுவிடும். தூளியிலிருந்து இறங்கிய கையோடு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். தீம் பார்க்கிலும் பெரும்பாலும் உயரக் கோடுதான். அங்கே பிள்ளை குதிப்பான், பெரியவர்கள் ராட்டினத்தில் ஏறலாமே என்று. பர்ஸ் உங்களுடையது என்பதால் நீங்கள் குதிக்க மாட்டீர்கள்.

உயரத்தை வைத்து வயதைக் கணிப்பது நம் ஊருக்குப் புதிதா என்ன? பிறப்புச் சான்றிதழ் பரவலாக இல்லாத காலத்தில், வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வைத்துத்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். தொட்டால் ஐந்து வயது. நீளக் கைக்காரப் பிள்ளைகள் நாலு வயதிலேயே தொட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குள் போய் மூக்கை ஒழுக விட்டுக்கொண்டு அழுதார்கள். தலைமையாசிரியர் ஜூன் மாதத்துக்குப் பொருத்தமாக ஒரு பிறந்த தேதி போட்டுக் கொடுத்தார். அந்தத் தேதியை வைத்தே வேலைக்குச் சேர்ந்து, ஓய்வும் பெற்றவர்கள் இன்றும் நம் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

துணிமணி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜூனில் எடுத்த பேன்ட் தீபாவளிக்குக் கணுக்காலைக் காட்டும். டெய்லரிடம் நாலு விரல் மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். தம்பியின் சட்டை அண்ணனுக்கு இறங்கி வரும் நிலை வந்தால், அண்ணனிடம் அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளைக்குக் கடைசி பெஞ்சு நிரந்தரம். பிரேயரில் கடைசி, குரூப் போட்டோவில் பின்வரிசை நடு. ஆண்டு விழா நாடகத்தில் கம்சன், எமன், மரம் இந்த மூன்றில் ஒன்று. கண்ணன் வேஷம் ஜென்மத்தில் கிடையாது. போர்டின் மேல் பகுதியை அழிப்பது, ஸ்டாஃப் ரூம் பீரோ மேலிருந்து சார்ட் எடுப்பது, சுதந்திர தினத்துக்குத் தோரணம் கட்டுவது, எல்லாம் அவன்தான். இதெல்லாம் போகட்டும், பையனுக்கே பெருமைதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இடைவேளையில் உங்கள் பிள்ளையின் கையைப் பக்கத்து பெஞ்சுக்காரன் கடித்துவிடுகிறான் என்று வையுங்கள். கடித்தவனுக்கும் ஒன்பது வயது, கடிபட்டவனுக்கும் ஒன்பது வயது. ஆனால் கடித்தவன் இடுப்பளவு, கடிபட்டவன் தோளளவு. விசாரணை மூன்று நொடியில் முடியும்: "சின்னப் பையன்கிட்ட உனக்கென்னடா வம்பு? பெரியவன் நீதான் பொறுத்துப் போகணும்." வீட்டுக்கு வந்தால், "ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரலையே" என்று தாத்தா. அறிவு சரியாக ஒன்பது வயதுக்கு வளர்ந்துதான் இருக்கிறது, உடம்புதான் முந்திக்கொண்டது. இதைத் தாத்தாவுக்குப் புரிய வைக்க இந்தக் கையேட்டில் வழியில்லை. பிள்ளைக்குச் சொல்லித் தரலாம். நன்றாக, சத்தமாக, வாய் விட்டு அழக் கற்றுக்கொடுங்கள். குட்டைப் பிள்ளை சும்மா நின்றாலே பாவமாகத் தெரியும். நெட்டைப் பிள்ளை அழுது காட்டினால்தான் குழந்தை என்பது எதிராளிக்கு உறைக்கும். அப்போதும் ஒருவர் "மீசை முளைக்கிற வயசுல அழறான் பாரு" என்பார். அவரிடம் ஆதாரைக் காட்டுங்கள்.

தை மகத்தன்று, ஆழ்வார் திருநட்சத்திரத்துக்கு ஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னாலிருந்து, "தம்பி, சாமி மறைக்குது, உக்காருப்பா" என்று ஒரு குரல். உட்கார்ந்தால், "வயசுப் பையன் நிக்காம உக்காந்திருக்கான் பாரு" என்று இன்னொரு குரல். கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி, "கொஞ்சம் தோள்ல வெச்சிக்கோப்பா, அதுவும் சேவிக்கட்டும்" என்று அவனிடமே கொடுத்துவிடுவார்கள். தோளில் இருப்பதற்கு ஆறு வயது, தாங்குவதற்கு ஒன்பது வயது. காலேஜ் எது என்று ஒரு பாட்டி விசாரிப்பார். பையன் முன்பல் விழுந்த ஓட்டையோடு சிரித்து, "நாலாவது பி செக்சன்" என்பான். திரும்பும் வழியில் அவன் முகம் சுண்டிப் போயிருந்தால், இன்னொரு நாள் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறுங்கள். அங்கே உலகளந்த பெருமாள் முப்பது அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறார். குள்ளமாக வந்து நெடுநெடுவென்று வளர்ந்தவரை யாரும் என்ன சாப்பிட்டீர் என்று கேட்கவில்லை. அவர் முன்னால் நம் பிள்ளை குட்டை. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்க்கட்டும்.

மகள் என்றால் வேறு வகைத் தொல்லை. ஒன்பது வயதுக் குழந்தையைப் பார்த்து, "மாப்பிள்ளை தேடறது கஷ்டமாச்சே" என்று பெருமூச்சு விடுகிற அத்தைகள் நம்மிடம் தாராளமாக இருக்கிறார்கள். காதோடு, "உக்காந்துட்டாளா?" என்றும் கேட்பார்கள். "இன்னும் ஏழாம் வாய்ப்பாட்டிலயே நிக்கிறா" என்று உரக்கச் சொல்லுங்கள். கூன் போட்டு நடக்க ஆரம்பித்தாள் என்றால் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். யார் என்று கண்டுபிடியுங்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அவளை ஹீல்ஸ் போட்டுக் கூட்டிப் போகலாம்.

"பாஸ்கெட்பால்ல சேத்து விடுங்க" என்பவர்களுக்கு ஒரு தகவல். பஞ்சாபில் ஒரு கிராமத்திலிருந்து போன சத்னம் சிங் ஏழடி இரண்டங்குலம். இந்தியாவில் பிறந்து அமெரிக்க என்.பி.ஏ. ட்ராஃப்டில் தேர்வான முதல் ஆள் அவர்தான். 2015-இல் டல்லஸ் அணி எடுத்தது. என்.பி.ஏ.வின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை, பின்னர் மல்யுத்த மேடைக்குப் போனார். அதே லீக்கில் ஐந்தடி மூன்றங்குல மக்ஸி போக்ஸ் 14 சீசன் ஆடினார். உங்கள் பிள்ளைக்குப் பந்து பிடித்தால் ஆடட்டும். கேரம்போர்டு பிடித்தாலும் தப்பில்லை, கை எட்டும். கிரிக்கெட் என்றால் வயதுச் சந்தேகம் கூடவே வரும். சிறுவர் கிரிக்கெட்டில் கிரிக்கெட் வாரியமே இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது.

இந்தப் பத்தியில் மட்டும் கேலி இல்லை. நாலு வயதிலிருந்து பருவம் எட்டும் வரை பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வது வழக்கம். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வாருங்கள். பத்து வயதுப் பையனின் சராசரி உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி சுமார் 138 சென்டிமீட்டர். 150-ஐத் தாண்டினால், அதுவும் நீங்கள் இருவரும் சாதாரண உயரம் என்றால், ஒருமுறை குழந்தை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று வேகம் கூடினால், பெண்ணுக்கு எட்டு வயதுக்கு முன்போ பையனுக்கு ஒன்பதுக்கு முன்போ பருவக் குறிகள் தெரிந்தால், தலைவலியோடு பார்வை மங்கினால், கைகால் விரல்கள் மிக நீளமாகி விரித்த கைகளின் அகலம் உயரத்தை மிஞ்சினால், தள்ளிப் போடாதீர்கள். சீக்கிரம் பருவமடைகிற பிள்ளைகள் முதலில் எல்லாரையும் விட ஓங்கி, பிறகு சீக்கிரமே நின்றுவிடுவதும் உண்டு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை நமக்கு எட்டாத தூரமில்லை. அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ எட்டு வயதில் ஆறடியைத் தாண்டியவர். பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறைத் தடுக்க அன்றைக்கு மருத்துவம் இல்லை. 272 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, காலில் மாட்டிய தாங்கி உரசி வந்த கொப்புளம் சீழ் பிடித்து, 1940-இல் 22 வயதில் இறந்தார். இன்று மருத்துவம் இருக்கிறது. பெரும்பாலான நெட்டைப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படுவதும் இல்லை. தாத்தாவோ மாமாவோ நெட்டை, அவ்வளவுதான்.

கடைசியாக அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பரண் மேலிருந்து கொலு பொம்மை இறக்க, ஒட்டடை அடிக்க, ஃபேன் றெக்கை துடைக்க, ட்யூப்லைட் மாட்ட என்று எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். கரண்ட் சமாச்சாரம், அவனுக்கு ஒன்பது வயது. பூந்தமல்லியில் நல்ல பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.