ஏலக்காய் ஸ்டோருக்குள் குடித்தனம்

சூட்டை அடைத்துவைக்கும் வித்தையைப் போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இடுக்கி மலையில் பறித்த பச்சைக் காயை ஸ்டோர் என்கிற உலர்த்தும் அறைக்குள் பரப்பி, ஆவி போக மட்டும் வழிவிட்டு, கதவைச் சாத்தி, ஏறக்குறைய 50 டிகிரிச் சூட்டில் ராத்திரி முழுக்க வைத்திருந்தால்தான் நிறம் குலையாமல் காய் கலகலவென்று காயும். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் ஏலத்தில் அதற்குத்தான் விலை. இவ்வளவும் தெரிந்த ஊர், வீட்டையும் அதே கணக்கில் கட்டிவிட்டதுதான் வினை.

டொரண்டோவில் இருக்கும் மச்சினன், புது வீட்டுச் சுவருக்குள் பஞ்சு அடைப்பதை வீடியோ காலில் காட்டினான். “இல்லாட்டி சூடு வெளிய போயிரும் மாமா.” எங்களுக்கு அந்தச் செலவே இல்லை. சித்திரை வெயிலைப் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் கான்கிரீட் தளம், நாம் பாயை விரித்த பிறகு நிதானமாகக் கீழே இறக்கும். ஃபேனைப் போட்டால் அந்தச் சூடு மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

என் மாமனார் வண்டன்மேட்டில் ஸ்டோர் வேலை பார்த்தே வயதானவர். ஒரு மே மாதம் எங்கள் மாடி அறையில் படுத்து எழுந்தவர், காபியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: “மாப்ள, இந்த ரூம்புல பச்சைக் காயப் பரப்புங்க. விறகு மிச்சம்.”

உத்தமபாளையத்தில் அவருடைய பழைய வீடு முழங்கை அகல மண்சுவர், மேலே நாட்டு ஓடு. ஓட்டின் சந்து வழியாகச் சூடு தானாக ஏறிப் போய்விடும். பிறகு கான்கிரீட் வந்தபோதும் பழைய கொத்தனார்கள் விடவில்லை. தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுருக்கி போட்டு, தட்டோடு பதித்தார்கள். மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கியவர்களும் உண்டு. பானைக்குள் நிற்கும் காற்றுதான் காவல். இப்போது தளத்தைப் பார்த்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: ஒழுகுமா? சுடுமா என்று கேட்க ஆளில்லை.

மத்திய அரசு கேட்டது. கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கலாம் என்று 2018-லேயே ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பில் எழுதிவைத்தது. கொத்தனாரிடம் சொன்னேன். “யார் சார் அந்தம்மா, இன்ஜினியரா?” என்றார். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே கொள்கை போட்டது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நாங்கள் ஏசி வாங்கினோம். கதவிடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்து, குளிர் ஒரு சொட்டுக்கூட வெளியேறாமல் காக்கிறோம். தலைக்கு மேல் தளம் மட்டும் தன் பாட்டுக்குக் கொதிக்கிறது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்குப் பார்த்துப் பார்த்துப் பந்தல் போடுகிறார்கள். அதே விவசாயியின் வீட்டுத் தளம் மொட்டையாகக் காய்கிறது. மாடியில் ஒரு சுரைக்கொடிப் பந்தல் போட்டால் காயும் கிடைக்கும். பந்தலுக்கு மனமில்லையா, வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கலாம். அதற்கும் கையில் காசில்லையென்றால், சுண்ணாம்பில் பெவிகால் கலந்து இரண்டு கோட் அடித்தால் போதும். ஆடிக் காற்று கொண்டுவரும் புழுதியில் வெள்ளை மங்கும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

ஏசிக்குப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், கடைக்குக் கிளம்புமுன் மத்தியானம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். எதை முதலில் வாங்குவது என்று கால் சொல்லிவிடும். சுண்ணாம்பு எல்லா பெயிண்ட் கடையிலும் கிடைக்கிறது.